பழைய டேர்போ டீசல் வேனுக்கு சிலிண்டர் ஹெட் மாற்றுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் மேடு கிடையாது. கல்லடிப் பாலம்தான் நமக்குப் பெரிய ஏற்றம். ஏ4 வீதியில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை போனாலும் தரை தட்டைதான். அதனால் ரேடியேட்டர் பாதி அடைபட்ட வேன்கூட இங்கே வருடக்கணக்கில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடும். பிறகு ஒரு லீவு நாளில் வீட்டார் எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது சூட்டு முள் சிவப்புக்குப் போகும். இல்லையென்றால் செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில், பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம். அங்கே வெடித்த ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதியை, ஊருக்குக் கட்டியிழுத்து வந்து மாற்றுகிறோம். வெடிக்க வைத்த காரணத்தை மாற்றுவதில்லை. கொஞ்சக் காலத்தில் புது ஹெட்டும் போகிறது.

ஹெட்டைக் கழற்றிப் பூட்டுவது இந்த வேலையில் பாதிதான். மற்றப் பாதி, தண்ணீர் ஓடும் பாதை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது டொயோட்டாவின் 2சி-டி, 3சி-டி டீசல் எஞ்சின்களை. 80களின் கடைசியிலும் 90களிலும் செய்யப்பட்டு, ஜப்பானில் ஓடிய பிறகு ரீகண்டிஷனாக நம் நாட்டுக்கு வந்த டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களில் இருப்பவை. நான்கு சிலிண்டர், அவை இருக்கும் வார்ப்பிரும்பு பிளொக், அலுமினிய ஹெட், டைமிங் பெல்ட். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் இருந்ததைத் திருத்தித் திருத்தியே எல்லோரும் ஓட்டினோம். அதனால் கல்முனை, ஏறாவூர் கராஜ்களில் இந்த எஞ்சின்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. உங்களிடம் வேறு டேர்போ எஞ்சின் இருந்தாலும் முறை இதுதான். அளவுகளை மட்டும் உங்கள் எஞ்சின் இலக்கத்துக்குரிய கையேட்டில் பாருங்கள்.

ஏன் ஹெட்டே போகிறது?

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அடியில் இரும்பு பிளொக், மேலே அலுமினிய ஹெட், நடுவில் இடுக்கை அடைக்கும் காஸ்கட், எல்லாவற்றையும் பிடித்து நெரிக்கும் போல்ட்டுகள். சூடு அளவோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சூடு மிஞ்சினால் ஹெட் விரிய இடம் தேடும், இடம் கிடைக்காது, வளையும். டேர்போ வேறு எரியறைக்குள் கூடுதல் சூட்டை ஏற்றுகிறது. உள்ளிழுக்கும் வால்வின் சீட்டுக்கும் புகை வால்வின் சீட்டுக்கும் நடுவே உள்ள உலோகம் மிக மெல்லியது. வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், அல்லது டீசல் முதலில் பற்றும் சின்ன அறையான முன்னெரியறையின் விளிம்பிலிருந்து வால்வு சீட்டை நோக்கி ஓடும்.

ஹெட்தானா என்று முதலில் பாருங்கள்

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்துங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஆனால் ஹோஸ் கல் போல இருக்கிறது என்றால் எரியறைக் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது, ரிசர்வ் டாங்கிக்குப் போன தண்ணீர் ஆறிய பிறகும் திரும்பாதது, காலையில் வெள்ளைப் புகை, ஒயில் மூடியின் உள்ளே பால் கலந்த மாதிரிப் பசை, இவையெல்லாம் அதே பக்கம் கை காட்டுபவை.

ஒரு விடயம். இந்த எஞ்சின்களில் சின்ன வெடிப்பு ஆறியபோது மூடிக்கொள்ளும், சூடாகிப் பாரம் ஏறும்போதுதான் திறக்கும். கராஜ் வாசலில் சும்மா ஓடவிட்டுப் பார்த்து “ஒண்டுமில்ல, கொண்டு போங்க” என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். கம்ப்ரஷன் பார்ப்பது நல்லதுதான், ஆனால் மயிர்க்கோட்டு வெடிப்பு அதில் பிடிபடாது. ஹெட்டைக் கழற்றி லேத் கடையில் சுடுதண்ணீரில் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

அந்தச் சோதனையில் வெடிப்பு இல்லை என்றால் காஸ்கட் மட்டும் போதும். ஹெட் வாங்க முன்கூட்டியே காசு கட்ட வேண்டாம்.

புதுசா, ரீகண்டிஷனா, ஒட்டுப் போட்டதா?

மூன்று வழி உண்டு. வெடிப்பை வெல்ட் பண்ணுவது முதலாவது. அலுமினிய வார்ப்பை ஒழுங்காகச் சூடேற்றி வெல்ட் செய்து, சீட்டைத் திரும்பக் கடைந்து, முகத்தைச் சமப்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வால்வு சீட்டுகளுக்கு நடுவில் வெடித்த டேர்போ ஹெட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது வெடிக்கும்.

இரண்டாவது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் ரீகண்டிஷன் ஹெட். விலை குறைவு. ஆனால் அதுவும் உங்கள் ஹெட் பட்ட பாட்டையே ஒரு காலத்தில் பட்டதுதான். காசு கொடுக்கும்போதே “பிரஷர் டெஸ்டில் தவறினால் திருப்பித் தருவேன்” என்று பேசி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். பொருள் இரவு பஸ்ஸிலோ உதயதேவி ரயிலிலோ வந்து சேர்ந்ததும் முதலில் லேத் கடைக்குப் போகட்டும், கராஜுக்கு அல்ல.

மூன்றாவது, புது ஹெட். இதில் வெறும் வார்ப்பு மட்டும் வரும், வால்வு எல்லாம் பூட்டி முழுசாகவும் வரும். வெறும் ஹெட் மலிவாகத் தெரியும். வால்வு, சீல், ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் தகடு), லேத் கூலி எல்லாம் சேர்த்தால் பல நேரம் முழு ஹெட்டின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

எதை வாங்கினாலும் பழைய ஹெட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதுக் காஸ்கட்டை ஹெட்டின் முகத்தில் விரித்து ஒவ்வொரு தண்ணீர் ஓட்டையும் ஒயில் ஓட்டையும் நேருக்கு நேர் வருகிறதா என்று பாருங்கள். டேர்போ இல்லாத 2சி ஹெட்டை “எல்லாம் ஒண்டுதான்” என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு.

சாமான் பட்டியல்

ஹெட் காஸ்கட்டை இப்போது வாங்க வேண்டாம். அதன் தடிப்பு அளந்த பிறகுதான் தெரியும். மற்றவை: மேல்பக்க காஸ்கட் செட், புது ஹெட் போல்ட்டுகள், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனரும் ஐட்லரும், கேம் சீல், கிராங்கின் முன் சீல், தண்ணீர்ப் பம்ப், தேர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ்களும் ஹீட்டர் ஹோஸ்களும், இன்ஜெக்டர் வொஷர்கள், டேர்போவின் காஸ்கட்டுகளும் செப்பு வொஷர்களும், ஒயிலும் பில்டரும், கூலன்ட், டிஸ்டில்ட் வாட்டர்.

கருவிகளில் சாதாரண சொக்கெட் செட்டோடு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டோர்க் ரென்ச், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், நேர்விளிம்பு இரும்புச் சட்டம், டயல் கேஜ் ஆகியன கட்டாயம். டயல் கேஜ் கையில் இல்லாவிட்டால் லேத் கடைக்காரரிடம் ஒரு பொழுதுக்குக் கேட்டு வாங்கலாம். டோர்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். “கை அளவு தெரியும்” என்று சொல்லும் மெக்கானிக் பாஸ் நல்ல மனிதராக இருக்கலாம். ஹெட் போல்ட்டுக்கு அது போதாது.

இன்னொன்று, காலம். ஐப்பசி முதல் தை வரை மழை. தறப்பாளின் கீழ் எஞ்சினைத் திறந்துவைத்துவிட்டு லேத் கடையின் அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. கடற்காற்றில் சிலிண்டர் சுவர் ஓரிரவிலேயே துருப் பிடிக்கும். கழற்றிய கையோடு சுவரில் ஒயில் பூசி, மேலே ஒயில் நனைத்த துணி போட்டு மூடுங்கள்.

கழற்றுவது

டவுன்ஏஸில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினால் கை போக ஓரளவு இடம் வரும். முதல் நாள் மாலையே புகை மெனிபோல்ட் நட்டுகளுக்கும் டேர்போ நட்டுகளுக்கும் துருநீக்கும் ஒயில் அடித்து விடுங்கள். உப்புக் காற்றில் ஊறிய ஸ்டட்டுகள் இவை. அவசரப்பட்டால் பாதியில் முறியும். நட் அசையவில்லை என்றால் முதலில் இறுக்கும் பக்கமாகச் சின்னதாக ஒரு தட்டு, பிறகு தளர்த்தும் பக்கம். அதற்கும் மசியாவிட்டால் சூடு காட்ட வேண்டும்.

பெட்டரி வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஹெட்டைத் தளர்த்தினால் அதுவே வளையக் காரணமாகும். ரேடியேட்டரின் வடிகுழாயையும் பிளொக் பக்கத்திலுள்ள வடிகுழாயையும் திறந்து தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். நிலத்தில் விட வேண்டாம். கூலன்டில் உள்ள கிளைக்கோல் இனிக்கும், ஆடுமாடு, நாய் எல்லாம் நக்கும், நக்கினால் சாகும். கிணற்றடியிலும் வாவிப் பக்கமும் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பிளொக் குழாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லையா? குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே துருச் சேறு நிரம்பியிருக்கிறது.

அடுத்தது காற்றுக் குழாய்கள். டேர்போவின் வாய் திறந்ததும் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு சின்ன வொஷர் உள்ளே விழுந்து, பிறகு தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் டேர்போ முடிந்தது. ஒயில் வரும் மெல்லிய குழாய், ஒயில் திரும்பும் தடித்த குழாய், தண்ணீர்க் குழாய் இருந்தால் அதுவும் கழற்றி, டேர்போவை மெனிபோல்ட்டிலிருந்து எடுங்கள். கையில் இருக்கும்போதே தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது வழமை. முன்னும் பின்னுமாக அசைவது கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ, டேர்போவையும் திருத்தக் கொடுங்கள்.

இன்ஜெக்டர் குழாய்களை வரிசை குலையாமல் கழற்றி, பம்ப் பக்கத்து வாய்களையும் இன்ஜெக்டர் வாய்களையும் மூடுங்கள். டீசல் பம்புக்குள் ஒரு மணல் துணிக்கை போனாலும் செலவு. இன்ஜெக்டர்களை இலக்கமிட்டு எடுங்கள். அவற்றின் அடியில் இருக்கும் வொஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று படம் பிடியுங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் எரியறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றுங்கள்.

டைமிங் பெல்ட்டுக்கு முன் கிராங்கைச் சுழற்றி முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் பற்சில்லுகளிலும் அடையாளம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒரே படத்தில் எடுத்து வைத்தால் பிறகு உதவும். பெல்ட் கழன்றதும் பம்பின் சில்லு தானாகத் துள்ளி இடம் மாறலாம், பயப்பட வேண்டாம். ஆனால் பெல்ட் இல்லாமல் கிராங்கைச் சுழற்றக் கூடாது. பிஸ்டன் போய் வால்வில் முட்டும்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மூன்று சுற்றில் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இரு முகங்களுக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக் கூடாது. நெம்புவதற்கென்று வார்ப்பில் இடம் விட்டிருப்பார்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். வேனுக்குள் குனிந்து நின்று தனியாகத் தூக்கினால் ஹெட்டோடு இடுப்பையும் திருத்த வேண்டி வரும். கழற்றியதை மரக்கட்டை மேல் வையுங்கள்.

எஞ்சின் என்ன சொல்கிறது?

இப்போது அவசரப்படாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு நான்கு பிஸ்டன் தலையையும் பாருங்கள். மூன்று கரி படிந்து கறுப்பாக இருக்க, ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் குடித்தது அந்தச் சிலிண்டர்தான். நீராவி கரியை உரித்துவிடும். அதற்கு நேர் மேலே ஹெட்டில் பாருங்கள், வெடிப்பு அங்கே இருக்கும். அந்தச் சிலிண்டரின் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் ஹெட் மாற்றி மட்டும் பயனில்லை. எஞ்சின் முழு வேலைக்குப் போகிறது.

பழைய காஸ்கட்டையும் எறிந்துவிட வேண்டாம். நெருப்பு வளையம் எந்த இடத்தில் கருகியிருக்கிறது, தண்ணீர் ஓட்டைகளில் எவை அடைபட்டிருக்கின்றன என்று அதிலேயே படிக்கலாம். பின் சிலிண்டர்களின் பக்கம் ஓட்டைகள் சேறு பிடித்திருந்தால் தண்ணீர் அங்கே போய்ச் சேரவே இல்லை என்று பொருள்.

பிளொக்கின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டரில் தேய்ப்புத் தட்டு மாட்டிப் பளபளப்பாக்கும் பழக்கம் இங்கே உண்டு. அந்தத் தூள் ஒயிலில் கலந்து பெயரிங்குகளைத் தின்னும். ஒயில் ஓட்டைகளையும் தண்ணீர் ஓட்டைகளையும் துணியால் அடைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஒயிலையும் ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்து, காற்றடித்துக் காயவையுங்கள். துளையில் நீர் நிற்கும்போது போல்ட்டை முறுக்கினால் அது போக வழியின்றிப் பிளொக்கையே வெடிக்க வைக்கும். டோர்க் ரென்ச்சும் பொய் சொல்லும்.

பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் போகிறதா என்று பாருங்கள். 0.05 மி.மீ. தாள் போகவில்லை என்றால் நிம்மதி. போனால் கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

காஸ்கட் தடிப்பு: பலர் தாண்டிப் போகும் இடம்

இந்த டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேல்நிலைக்கு வரும்போது பிளொக் முகத்துக்கு மேலே சற்று எட்டிப் பார்க்கும். எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் காஸ்கட் மூன்று தடிப்புகளில் வருகிறது. எது எது என்பதற்கு அதன் ஓரத்தில் அடையாளம் இருக்கும். கடையில் “2சி காஸ்கட் ஒன்று” என்று கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள். தடிப்புக் குறைந்தது போய்ச் சேர்ந்தால் பிஸ்டன் ஹெட்டில் தட்டும். கூடியது போய்ச் சேர்ந்தால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஸ்டார்ட் பிடிக்க அடம்பிடிக்கும்.

அளப்பது சுலபம். டயல் கேஜைப் பிளொக் முகத்தில் நிறுத்திப் பூச்சியமாக்குங்கள். முள்ளைப் பிஸ்டன் தலையில் வைத்து, கிராங்கை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து அதிகபட்ச அளவைப் பிடியுங்கள். பெல்ட் கழன்றிருந்தாலும் ஹெட்டே இல்லாததால் இப்போது கிராங்கைச் சுழற்றுவதில் ஆபத்தில்லை. பிஸ்டன் தன்னைத் தாங்கும் ஊசியைச் சுற்றிச் சற்று ஆடும் என்பதால், அந்த ஊசியின் நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களிலும் கிடைத்த அளவுகளில் மிகப் பெரியதை எடுத்துக் கையேட்டின் அட்டவணையில் பாருங்கள். அதற்குரிய காஸ்கட்டைத்தான் வாங்க வேண்டும். பழையதின் ஓர அடையாளத்தைப் பார்த்து அதையே வாங்குவது இரண்டாந்தரம். முன்பு பூட்டியவர் சரியாகப் பூட்டினார் என்று யார் சொன்னது?

லேத் கடையில் கேட்க வேண்டியவை

ரீகண்டிஷன் ஹெட் என்றால் பிரஷர் டெஸ்ட், வால்வு சீட், வால்வு கைட், புது ஸ்டெம் சீல். முகம் வளைந்திருந்தால் சீவச் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: முன்னெரியறைகள் ஹெட்டில் தனியாகப் பதித்த துண்டுகள். முகத்தைச் சீவினால் அவற்றின் உயரமும் வால்வின் ஆழமும் மாறும். இரண்டையும் அளந்து சரிசெய்யத் தெரிந்த கடையில் மட்டும் கொடுங்கள்.

வால்வு இடைவெளியை ஹெட் மேசையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இதில் ஸ்க்ரூ கிடையாது, ஷிம் மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். வேனுக்குள் குனிந்து ஷிம் தேடுவதைவிட மேசையில் செய்வது நூறு மடங்கு மேல். இன்ஜெக்டர்களின் நோசில்களையும் அதே நேரத்தில் டீசல் பம்ப் கடையில் கொடுத்துத் தெளிப்பைப் பாருங்கள். சொட்டுப் போடும் நோசில் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

தண்ணீர்ப் பாதை

ஹெட் லேத் கடையில் இருக்கும் நாட்களில் இதைச் செய்யுங்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து, இரு பக்க டாங்கியையும் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்விக்க வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பது போதாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நம் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கூட. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. உப்பு வேறு அலுமினியத்தை அரிக்கும். ஆகவே இனி ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. குழாயைத் திறந்துவிட்டுப் பிளொக்கையும் ஹீட்டரையும் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

விசிறியின் பிசுக்கு ஒயில் கிளச்சையும் பாருங்கள். சூடான எஞ்சினை நிறுத்தியதும் விசிறி தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளச் செத்துவிட்டது. இப்போது வேன் ஓடாது என்பதால் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுழன்றால் மாற்றுங்கள்.

அப்புறம் தேர்மோஸ்டாட். “தம்பி, நம்மட வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டி எறிங்க” என்று சொல்லாத கராஜ் இந்தக் கரையில் அரிது. கழற்றிய தேர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடானதும் அந்தத் தட்டுத்தான் குறுக்கு வழியை மூடி, தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சமதரையில் அது தெரியாது. ஏற்றத்தில் தெரியும்.

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான்தான். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் அது 100 பாகையிலேயே கொதிக்கும்.

பூட்டுவது

கிராங்கை மேல்நிலையிலிருந்து கால் சுற்றுப் பின்னோக்கித் திருப்பி வையுங்கள். நான்கு பிஸ்டனும் நடுவில் நிற்கும். ஹெட்டை வைக்கும்போது திறந்திருக்கும் வால்வு எதிலும் முட்டாது. பிளொக் முகமும் ஹெட் முகமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். காஸ்கட்டில் கிரீஸோ சிலிக்கனோ பூச வேண்டாம். அச்சுப் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா, ஒயில் ஓட்டை சரியாக வருகிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஹெட்டை நேராக இறக்குங்கள். ஒரு பக்கம் வைத்துவிட்டு இழுத்துச் சரிசெய்தால் காஸ்கட் மடங்கும்.

போல்ட்டின் புரியிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஒயில் மெல்லியதாகப் பூசுங்கள். எல்லாவற்றையும் கையால் இறக்கிய பிறகு, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் இறுக்குங்கள். 90களின் 3சி வகையில் பொதுவாக வருவது முதலில் 44 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. 44ஐயும் ஒரே மூச்சில் எடுக்காமல் இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுங்கள். பாகைக்கு ஒரு வழி: ஒவ்வொரு போல்ட் தலையிலும் முன்பக்கம் பார்த்து ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். முதல் 90 முடிந்ததும் எல்லாப் புள்ளியும் பக்கவாட்டில் நிற்கும், இரண்டாவது முடிந்ததும் எல்லாம் பின்பக்கம் பார்க்கும். ஒன்று தவறினாலும் கண்ணில் படும். பழைய சில 1சி, 2சி வகைகளுக்குப் பாகை இல்லை, டோர்க் மட்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டில் உள்ளதே முடிவு.

முறுக்கும்போது ஒரு போல்ட் மட்டும் இறுக்கம் ஏறாமல் நழுவிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். புரி போகிறது, அல்லது போல்ட் நீள்கிறது.

கேம் சில்லின் அடையாளத்தை நேராக்கிய பிறகு கிராங்கை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பம்பின் அடையாளத்தையும் பிடித்துக்கொண்டு பெல்ட்டைப் போடுங்கள். டென்ஷனரை விடுவித்துவிட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கேயாவது கட்டியாக முட்டினால் பலம் கொடுக்க வேண்டாம், அடையாளம் தவறியிருக்கிறது. இரண்டு சுற்றும் போய் மூன்று அடையாளமும் திரும்ப நேரே வந்தால் டென்ஷனரை இறுக்குங்கள்.

இன்ஜெக்டர்களுக்குப் புது வொஷர், படத்தில் இருந்த அதே பக்கம். டேர்போவுக்குப் புதுக் காஸ்கட். ஒயில் வரும் குழாயின் உள்ளே கரி அடைத்திருந்தால் குழாயையே மாற்றுவது நல்லது. ஒயில் திரும்பும் குழாயில் சிலிக்கன் பூசினால் பிதுங்கிய துண்டு வழியை அடைக்கும், அப்போது டேர்போ சீல் தாண்டி ஒயில் புகையாக வரும். குழாயை மூட முன் டேர்போவின் ஒயில் வாயில் சுத்தமான ஒயில் விட்டுத் தண்டைக் கையால் சுழற்றுங்கள்.

தண்ணீர் நிரப்புவதும் முதல் ஸ்டார்ட்டும்

இந்த வேன்களில் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே நீண்ட ஹோஸ்கள் ஓடுவதால் காற்று மாட்டிக்கொள்வது சகஜம். மூக்குப் பக்கம் உயர்ந்திருக்கும்படி முன் சில்லுகளைக் கட்டைமேல் ஏற்றுங்கள். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளி, கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் மேலே வரும். முதல் ஊற்றிலேயே நிரம்பியதாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம்.

டீசல் பம்பின் நிறுத்து சொலினொய்ட் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். எஞ்சின் பிடிக்காது, ஆனால் ஒயில் டேர்போ வரைக்கும் போய்ச் சேரும். பிறகு வயரைப் பூட்டி, பில்டரின் கைப் பம்பால் டீசலைத் தள்ளி, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி இறுக்குங்கள். இப்போது ஹீட்டர் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட்.

பிடித்ததும் அக்சலேட்டரை மிதிக்க வேண்டாம். சிறிது நேரம் வெள்ளைப் புகை வரும், சிந்திய ஒயிலும் கூலன்டும் எரிகிறது. மூடி திறந்தபடியே ஓடவிட்டு, தேர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் மட்டம் கீழே இறங்கியதும் ஊற்றி மூடுங்கள். கீழ் ஹோஸ் சூடாக வேண்டும். ஹீட்டரிலிருந்து சூட்டுக் காற்று வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே காற்று இருக்கிறது. முழுதாக ஆறவிட்டு மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், அடுத்த சில காலைகளிலும் பாருங்கள்.

பாகைக் கணக்கில் இறுக்கிய போல்ட்டைப் பிறகு திரும்ப முறுக்கக் கூடாது. கையேட்டில் அப்படிச் சொன்ன பழைய வகைக்கு மட்டும்தான் அது. ஏறக்குறைய 500 கிலோமீட்டரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள்; உள்ளே போன தண்ணீரின் மிச்சம் எல்லாம் அதில் வந்துவிடும்.

சோதனை ஓட்டம்

கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய் வந்துவிட்டு “சூப்பர்” என்று சொல்வது சோதனை அல்ல. முதல் வாரங்களில் ஊருக்குள் ஓட்டி, தண்ணீர் மட்டம் அசையாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, ஆட்களை ஏற்றி ஏசியும் போட்டு ஏ5 வீதியில் மகாஓயா பக்கம் போங்கள். முள் வழமையான இடத்திலேயே நின்றால் இன்னொரு நாள் பிபிலை தாண்டி ஏறிப் பாருங்கள். நிறுத்த இடம் உள்ள வீதியில், கூலன்ட் கான் ஒன்றோடு, பகல் வேளையில். பாரம் ஏறிய பிறகு உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் டேர்போவில் நிற்கும் ஒயில் கருகும்.

கடைசியாக, டாஷ்போர்ட்டில் உள்ள முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். அதன் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டால் முள் கீழே இறங்கிக்கூடக் காட்டும், அந்த நேரத்தில் ஹெட் வெந்துகொண்டிருக்கும். உலோகத்தின் சூட்டையே அளந்து அலாரம் அடிக்கும் சின்னக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. அதன் சென்சரை ஹெட்டிலேயே ஒரு போல்ட்டின் அடியில், பின் சிலிண்டர் பக்கமாக மாட்டுங்கள். ஹெட் போல்ட்டின் அடியில் அல்ல, ஏதாவது ஒரு சின்னத் தாங்கியின் போல்ட்டில். வயரை மெனிபோல்ட்டுக்கு எட்டத்தில் கொண்டுபோய், அலாரத்தை ஓட்டுநரின் காதுக்குக் கேட்கும் இடத்தில் பூட்டுங்கள். வழமையான ஓட்டத்தில் அது காட்டும் சூட்டைப் பார்த்து வைத்து, அதற்குப் பத்துப் பாகை மேலே அலாரத்தை அமையுங்கள்.